பட்டனைத் தட்டிய ஐந்து நாள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? பாப்பாவுக்கு இருமல் விட்டதா?

இங்கே ஒரு கூத்து. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் கூரையில் மாட்டிய சோலார் தினமும் காலையில் தானாக நின்றுவிடும், வெயில் ஏறியபின் பட்டனைத் தட்டினால் ஓடும். "பனி ஈரம்தான், பட்டனைத் தட்டிவிட்டுட்டு வேற வேலையப் பாரு" என்றார் சூப்பர்வைசர். ஐந்து நாள் தட்டினேன். நேற்று பேனல் கழுவுகிறவர் வாளியோடு ஏணியில் கால் வைத்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, இறங்குங்க!" என்று கத்திவிட்டேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தேடினால், ஒரு ஒயர் நசுங்கி, தோல் உரிந்து, இரும்புச் சட்டத்தில் பட்டுக்கொண்டிருக்கிறது. ஈரத்தில் தொட்டிருந்தால் ஷாக்தான். அதை நசுக்கிய திருகு நான் முடுக்கியது. ஒப்புக்கொண்டேன். சூப்பர்வைசர் திட்டித் தீர்த்தார். ஒயரை மாற்றியபின் இன்று காலை யாரும் தட்டாமலே ஓடியது, அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

மோட்டார் போட்டால் விழுகிறது என்று, கரண்ட் கசிந்தால் தானாக அணையும் நம் வீட்டு சுவிட்சைக் கழற்றிவிட்டு நேராக ஒயர் கொடுத்தானே உன் தம்பி மகாராசன், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை உடனே மாட்டச் சொல். அதுவரை மோட்டார் பக்கம் போகாதே. மாட்டியதும் சுவிட்ச் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பு.

வண்டி வந்துவிட்டது. பெட்டியின் அளவு எனக்குத் தெரிய வேண்டும், அதனால் நீயும் பாப்பாவும் பக்கத்தில் நில்லுங்கள்.

பாப்பாவின் அப்பா