ஓட்டோ வளைவு

அண்ணை,

இன்று காலை உங்கள் ஓட்டோவில் ஏறினேன். பருத்தித்துறை பஸ் நிலையத்தில் எத்தனை ஓட்டோ நின்றாலும் அதை நான் கண்டுபிடித்துவிடுவேன். பச்சை மங்கி, பின்பக்கத்து வேல் படம் பாதி உரிந்து, கிளம்பும்போது மூன்று தரம் இருமுகிற வண்டி வேறு ஏது? இப்போது அதை ஓட்டுவது உங்கள் மனைவியின் தம்பி. முன்பு மீன்பிடிக் கரைவலை இழுக்கும் உழவு இயந்திரம் ஓட்டியவர், நீங்கள் எப்போதும் ‘மச்சான்’ என்று கூப்பிடுகிறவர். ஏறி இருந்து காலை நீட்டியதும் செருப்புக்குள் ஏதோ நறநறத்தது. குனிந்து பார்த்தேன். மணல். வெள்ளை வெளேரென்ற மணற்காட்டு மணல்.

“எத்தினை தரம் கழுவினாலும் போகாது, பிள்ளை. சீற்றுக்குக் கீழை இருந்து வந்துகொண்டே இருக்குது. ஒன்பது வருசமாச்சு,” என்றார் உங்கள் மச்சான், திரும்பிப் பார்க்காமலே. பிறகு ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்டபின் என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. பயணப் பையும் கையுமாக, “மணற்காட்டுக்கு விடுங்கோ” என்றேன்.

அவர் என்ன சொன்னார் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நம்முடைய அந்த ஓகஸ்ட் விடுமுறையை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சொல்ல எனக்குத்தான் ஆசையாக இருக்கிறது.

எனக்குப் பதினைந்து வயது. குருவிப் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம். கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய தொலைநோக்கியைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவேன். ஆனால் தனியே வெளிக்கிட அம்மா விடமாட்டார். பள்ளிக்கூடம் இல்லாததால் என்னை ஏற்றி இறக்கும் உங்களுக்கும் காலையில் வேலை இல்லை. அம்மா உங்களைக் கூப்பிட்டார். “தம்பி, உவளின்ரை கரைச்சல் தாங்கேலாமல் கிடக்கு. எங்கையாவது கொண்டுபோய்க் குருவியைக் காட்டிப்போட்டு, பத்து மணிக்கு முன்னம் வீட்டை கொண்டுவந்து விடும்.”

நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். “குருவி பார்க்க ஓட்டோவோ, பிள்ளை? எங்கடை வீட்டு முகட்டிலை வேண்டிய அளவு நிக்குது. வந்து பாருங்கோவன்.”

முதல் நாள் தொண்டைமானாற்றுக் கரை. ஓட்டோவை நிறுத்தினீர்கள், துவாயை முகத்தில் போட்டீர்கள், குறட்டை விட்டீர்கள். நான் சேற்றில் குந்தியபடி முன்னேறிக்கொண்டிருந்தேன். நெடுங்கால் உள்ளான்கள், நாற்பதுக்குக் குறையாது, சிவப்புக் கால்களோடு முழங்கால் தண்ணீரில் நிற்கின்றன. இன்னும் பத்து அடி. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்போது பார்த்து நேரமாகிவிட்டது என்று நீங்கள் ஹோர்னை அடித்தீர்களே! நாற்பதும் ஒரே எழும்பலாக எழும்பிப் போயின. நான் சேற்றோடு வந்து உங்கள் முன்னால் நின்று அழத் தொடங்கினேன்.

“ஐயோ, பிழை என்ரைதான் பிள்ளை,” என்றீர்கள்.

அடுத்த நாள் வந்தபோது ஹோர்ன் வயரை அறுத்துவிட்டு வந்திருந்தீர்கள். பருத்தித்துறையில் ஹோர்ன் இல்லாத ஓட்டோ! மீன் சந்தைச் சந்தியில் தலையை வெளியே நீட்டி, “விலத்து, விலத்து!” என்று நீங்கள் கத்திய கத்தில் ஹோர்னே பரவாயில்லை என்றிருந்தது. எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

மூன்றாம் நாள் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தீர்கள். முதலில் முன்பக்கத்தைக் கண்ணில் வைத்து, “உள்ளான் கண்டிக்குப் போட்டுது” என்றீர்கள். திருப்பிக் கொடுத்தேன். பிறகு மெதுவாக, “அட, சிவப்புக் காற்சட்டை எல்லே போட்டிருக்கிறார்!” என்றீர்கள். அவ்வளவுதான். அன்றோடு உங்களையும் பிடித்துக்கொண்டது அந்தப் பைத்தியம்.

அதன் பிறகு யார் முதலில் காண்பது என்பதில் உங்களுக்கும் எனக்கும் ஒரே போட்டி. வீதியைப் பார்த்து ஓட்டுவதை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து ஓட்டுவீர்கள். பனையில் ஏதாவது அசைந்தால் பிரேக். கொண்டலாத்தியைக் கண்டால் கொண்டையை விரிக்கும்வரை அசையமாட்டீர்கள். வல்லை வெளியில் ஒரு விடியற்காலை நரி ஒன்று வாயில் நண்டோடு வீதியைக் கடந்தது, நினைவிருக்கிறதா? நட்டநடு வீதியில் நிறுத்திவிட்டீர்கள். பின்னால் யாழ்ப்பாண பஸ் ஹோர்ன் அடிக்கிறது, சாரதி கத்துகிறார். நீங்கள் இறங்கிக் கையைக் காட்டி, “கொஞ்சம் பொறுங்கோ, பெரியவர் கடக்கிறார்” என்றீர்கள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் யன்னலால் எட்டி நரியைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நரிக்கா, அந்த பஸ்ஸுக்கா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பிறகுதான் மணற்காடு. சவுக்கு மரங்களைத் தாண்டி, மணலில் பாதி புதைந்துபோன பழைய தேவாலயத்தைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கினோம். சின்ன ஆலாக்கள் தலைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டு பறந்தன. நான் வாயைப் பிளந்து மேலே பார்த்தபடி நடந்தேன். “கால்!” என்று கத்தி என் முதுகுப் பையைப் பிடித்து நீங்கள் இழுத்த இழுவையில் விழுந்தே விட்டேன். விழுந்த இடத்தில் என் மூக்குக்கு நேரே இரண்டு முட்டைகள். மணல் நிறம், அதில் கறுப்புப் புள்ளி. கூடு என்று ஒன்றும் இல்லை, மணலில் கையால் அழுத்தினாற்போல ஒரு சின்னக் குழி.

ஒன்றைக் கண்டபின் கண்ணுக்கு எல்லாம் தெரியத் தொடங்கியது. பதினொரு குழிகள்! ஆலாக்கள் எங்கள் தலைக்கு இறங்கி இறங்கி எழும்பின. ஒன்று உங்கள் சேர்ட்டில் வெள்ளையாக ஒரு முத்திரை குத்திவிட்டுப் போனது. ஓட்டோவுக்கு ஓடிவந்து இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் உங்கள் முகம் மாறிவிட்டது. “பிள்ளை, நாளையிண்டைக்கு உதிலை கரைவலை தொடங்குது,” என்றீர்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையின் கயிற்றைக் கரையிலிருந்து இழுப்பது உங்கள் மச்சானின் உழவு இயந்திரம். அது ஓடுகிற பாதை சரியாக அந்தக் குழிகளுக்கு மேலால். அடைகாக்கத் தொடங்கி எத்தனை நாளோ தெரியாது. இன்னும் ஒரு கிழமை கிடைத்தால் பொரித்துவிடலாம்.

வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் நீங்களே போய்க் கேட்டீர்கள். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தீர்கள். “குருவி வேணுமெண்டால் வீட்டிலை கோழி வளர்க்கட்டாம்.”

எனக்கு ஒரு யோசனை வந்தது. பின்னேரம் உங்களைக் கெஞ்சித் திரும்பப் போய், ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு தடி நட்டு, தலைக்குக் கட்டும் சிவப்பு ரிப்பனை வெட்டி வெட்டிக் கட்டினேன். இயந்திரம் ஓட்டுகிறவருக்குத் தெரிந்தால் விலத்தி ஓடுவார்தானே. அடுத்த நாள் காலை உங்களோடு போய், தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு பின்னால் நான் வந்து பார்த்தால் ஒரு தடிகூட இல்லை. அத்தனையையும் பிடுங்கிக் கையில் கட்டாக வைத்துக்கொண்டு நின்றது நீங்கள். இரண்டு குழிகள் வெறுமையாகக் கிடந்தன.

“காகத்துக்கு விலாசம் எழுதிக் குடுக்கிறீங்களோ, பிள்ளை?” என்றீர்கள். “தடியிலை வந்து இருக்கிறான், குனியிறான், எடுக்கிறான்.”

நான் நம்பவில்லை. காகம் தடி இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்றேன். இனி இயந்திரத்துக்கு என்ன அடையாளம் என்று கத்தினேன். முடிவில், நாளைக்கு விடிய நானே அதன் முன்னால் போய் நிற்பேன், ஐந்து மணிக்கு வந்து ஏற்றுங்கள் என்றேன். நீங்கள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

“ஓம், வாறன்,” என்றீர்கள்.

நீங்கள் வரவில்லை. ஐந்து மணிக்குப் படலையில் நின்றேன். ஐந்தரை. ஆறு. அப்பாவை உலுப்பி எழுப்பி, கெஞ்சி, அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறினேன். வழி முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே போனேன்.

மணல் மேட்டில் ஏறிப் பார்த்தபோது என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. இயந்திரம் வரும் பாதைக்குக் குறுக்கே, அச்சுவரைக்கும் மணலில் இறங்கி, உங்கள் ஓட்டோ. அலை வந்து முன் சில்லை நக்குகிறது. பின் சில்லுக்கு இரண்டு முழத்தில் ஆலாவின் குழி. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். உழவு இயந்திரம் உறுமுகிறது. வலை ஏற்கெனவே கடலுக்குள். கயிற்றோடு நின்ற இருபது பேரும் உங்களை ஏசுகிறார்கள்.

அந்த இருபது பேரோடு நானும் சேர்ந்துகொண்டேன். “அறிவிருக்கோ அண்ணை? என்னை விட்டுட்டு வந்து, கூட்டுக்கு மேலையே கொண்டுவந்து ஓட்டோவைத் தாட்டிருக்கிறீங்கள்! உங்களை நம்பி ஒரு இடத்தைக் காட்டினன் பாருங்கோ, என்னைச் சொல்லோணும்!” அப்பா என் தோளைப் பிடித்தார். நான் நிறுத்தவில்லை.

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, “பிழை என்ரைதான் பிள்ளை,” என்றீர்கள்.

வலை கடலில் கிடக்கும்போது ஓட்டோவைத் தூக்க யாருக்கு நேரம்? உங்கள் மச்சான் உங்களை ஒரு முறை முறைத்தார், இயந்திரத்தைத் திருப்பினார், மணல் மேட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போனார். மத்தியானம்தான் எல்லாருமாக ஓட்டோவைத் தூக்கிவிட்டார்கள். உப்புத் தண்ணீர் போனதில் அன்று பிடித்த இருமல் அதற்கு இன்றும் நிற்கவில்லை.

நான் உங்களோடு ஆறு நாள் கதைக்கவில்லை. ஏழாம் நாள் காலை படலையில் அந்த இருமல் கேட்டது. நான் வெளியே வரவில்லை. நீங்கள் வெளியே நின்றபடி, “பிள்ளை, பொரிச்சிட்டுது!” என்றீர்கள். கோபமாவது மண்ணாவது! செருப்பும் போடாமல் ஓடிவந்து ஏறினேன்.

மணலே உருண்டு திரண்டு கால் முளைத்து ஓடியதுபோல இருந்தது அந்தக் குஞ்சு. நாலு அடி ஓடும், நிற்கும், நின்றதும் காணாமல் போய்விடும். தாய் சின்னதாய் ஒரு வெள்ளி மீனோடு இறங்கியது. குஞ்சு வாயைப் பிளந்தது. நான் உங்கள் கையைப் பிடித்து உலுப்பு உலுப்பென்று உலுப்பினேன். உங்களுக்குக் கண் கலங்கியிருந்தது. கடற்காற்று என்றீர்கள்.

ஆனால் அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “உங்கடை அதிர்ஷ்டம் அண்ணை, உங்கடை ஓட்டோவாலை ஒரு முட்டையும் உடையேல்லை,” என்றேன். “ஓம் பிள்ளை, அதிர்ஷ்டம்தான்,” என்றீர்கள்.

அதன் பிறகு ஒன்பது வருடம், குருவி பார்க்கப் போய் ஓட்டோவை மணலில் தாட்ட அண்ணையின் கதையை எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்! உங்கள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது நீங்கள்தான். படிப்புக்கென்று நான் கண்டிக்குப் போனேன். சென்ற மாரியில் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை என்று அம்மா ரெலிபோனில் சொன்னார். பரீட்சை. உங்கள் செத்த வீட்டுக்கும் வரமுடியவில்லை.

இன்று காலை உங்கள் மச்சான் சொன்னது இதுதான். “அத்தான் மணலிலை பிறந்து வளர்ந்த ஆள், பிள்ளை. எந்த மணல் தாங்கும், எந்த மணல் இழுக்கும் எண்டு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவார். அவர் தெரியாமல் போய்ப் புதைஞ்சவர் எண்டு நினைச்சனீங்களோ? அண்டைக்கு நாலு மணிக்கே வந்து குழியளை எல்லாம் லைற் அடிச்சுப் பார்த்து, அதுகளுக்கு இடையிலை அளந்து எல்லே விட்டவர். எனக்குக் கண்டவுடனை விளங்கிட்டுது. சம்மாட்டிக்கு முன்னாலை வாய் திறக்கேல்லை.”

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நானும் கேட்டனான். ‘பிள்ளைக்குச் சொன்னால் அண்டைக்கே பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிஞ்சிடும். பிறகு சம்மாட்டி என்னைக் கருவாடு போட்டிடுவார்’ எண்டவர். பிறகு சொன்னார், ‘பிள்ளை மிசினுக்கு முன்னாலை போய் நிண்டிருக்கும் மச்சான். சொன்னால் செய்யிற பிள்ளை’ எண்டு.”

நான் ஐந்து மணிக்கு வரச் சொன்னேன். என்னை அங்கே நிற்க விடக்கூடாது என்றுதான் நீங்கள் நாலு மணிக்கே போயிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய ஏச்சையும் என்னிடமே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

வழியெல்லாம் உங்கள் மச்சான் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தார். ஆம், வயரைத் திரும்பப் பூட்டிவிட்டார். மணல் மேட்டருகே வந்ததும் வேகத்தைக் குறைத்தார், மேட்டுக்குப் பின்னால் வளைந்து போகும் இறுகிய பாதையில் திரும்பினார், ஹோர்னிலிருந்து கையை எடுத்தார். “இஞ்சை அடிக்கிறேல்லை,” என்றார். அந்த நேரம் அவருக்கு ஒரு ரெலிபோன் வந்தது. எங்கே நிற்கிறாய் என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். “ஓட்டோ வளைவிலை நிக்கிறன்,” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது. அண்டைக்கு மிசின் சுத்திப்போய்ப் பார்த்தால் இந்தப் பக்கம் மணல் நல்ல இறுக்கம். பிறகு ஆர் பழைய பாதையாலை போறது? இப்ப மீன் லொறியும் இதாலைதான்.”

கழுத்தில் இருந்த சிவப்புத் துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கினேன். அந்த ரிப்பன் தடிகளுக்குப் பிறகு ஆலாக்கள் இருக்கிற கரைக்குச் சிவப்போடு போவதில்லை. வளைவுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு சில்லுத் தடமும் இல்லாத மணல். தலைக்கு மேலே கிறீச், கிறீச்! தூரத்திலேயே குந்திக்கொண்டு எண்ணினேன். இருபத்தாறு, அண்ணை! இருபத்தாறு குழிகள், எனக்குத் தெரிந்த மட்டில். திரும்பி உங்களுக்குக் கத்திச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரப் பத்து மணி தாண்டிவிட்டது. செருப்பைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டேன். விறாந்தையிலிருந்து குசினிவரைக்கும் மணல். அம்மா தும்புத்தடியோடு வந்தார். “ஆர் உந்த மணலை எல்லாம் வீட்டுக்குள்ளை கொண்டந்தது?”

“பிழை என்ரைதான்,” என்றேன்.

அம்மா மணலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “இதுக்கேன் பிள்ளை அழுறாய்?” என்றார்.