கால் முளைத்த கேரட்டுகள்

மதினி, இன்று காய்கறிக் கடைக்குத் தழையோடு கேரட் வந்திருந்தது. கடைக்காரர் தழையைத் திருகி எறியப் போனார். வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று வாங்கி முகர்ந்து பார்த்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அந்தப் பச்சை வாசத்துக்கு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை மண்ணோடு வந்து நின்றீர்கள்.

எழுபதுகளின் கடைசி அது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டக் குளிரில் வளர்ந்த உங்களை என் அண்ணன் கட்டிக்கொண்டு வந்தார். போடி வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீடும்தான். அப்பா எதிரில் யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூட மாட்டோம். ஐப்பசி மழை விட்டதும் கொல்லையில் ஒரு பாத்தி கேட்டு வாங்கினீர்கள். மண்ணைக் கொத்திச் சலித்து, பொடி விதையை மணலில் கலந்து தூவி, ஈரச் சாக்கால் மூடினீர்கள். "இதுவும் இந்த ஊர்ல வராட்டி, தைக்கு எங்கண்ணே வரும்போது அவுகளோட மலைக்கே போயிருவேன். திரும்ப வரமாட்டேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் நீங்கள்.

விதை முளைத்தது. ஆனால் ஒருநாள் நாம் சந்தைக்குப் போய்த் திரும்பினால், அப்பா பாத்தி ஓரத்தில் பெருமையாக நிற்கிறார். மிளகாயோ கத்தரியோ ஏலமோ, நாற்றுப் பாவிப் பிடுங்கி நட்டே பழகிய கை. மருமகளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமென்று கேரட் கன்றுகளையும் பிடுங்கி, கயிறு பிடித்த மாதிரி வரிசையாக நட்டிருந்தார். கேரட்டைப் பிடுங்கி நட்டால் கிழங்கு உருப்படாது என்று உங்களுக்குத் தெரியும். நன்றாக இருக்கிறது மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். அன்று சாயங்காலமே பெட்டியை இறக்கித் துணி மடித்தீர்கள்.

தையில் உங்கள் அண்ணன் ஜீப்பு கொண்டுவந்து வாசலில் காத்திருந்தார். போகுமுன் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிடலாம் என்று கொல்லைக்கு வந்தீர்கள். முதல் கேரட்டுக்கு இரண்டு கால். அடுத்ததற்கு மூன்று. பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "நாந்தேன் கெடுத்துட்டேனா ஆத்தா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை நான் கேட்டதே இல்லை.

நீங்கள் இன்னொன்றைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தீர்கள். "இதப் பாருங்க மாமா. உங்கள மாதிரியே சம்மணம் போட்டுச் சோத்துக்கு உக்காந்திருக்கு."

அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டு நழுவி விழும்படிச் சிரித்தார். நீங்கள் சிரிப்புத் தாங்காமல் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சத்தம் கேட்டு உங்கள் அண்ணன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னீர்கள்: "நீங்க போங்கண்ணே. இதெல்லாம் கழுவி நறுக்கணும், எனக்குச் சோலி கெடக்கு."

நான் வாக்கப்பட்டுப் போன வீடும் சிரிப்புச் சத்தம் கேட்காத வீடுதான். போன கொஞ்ச நாளிலேயே என் மாமனாரைக் கேலி செய்தேன். எல்லாரும் திகைத்து நிற்க, அவர் சிரித்தார். அம்மா வீட்டுச் சீராக வந்த பாத்திரமெல்லாம் ஓட்டையாகிப் போய்விட்டன, மதினி. உங்களிடமிருந்து எடுத்துப் போன அந்தத் துணிச்சல் மட்டும் இன்னும் புதிதாகவே இருக்கிறது. போன வாரம் என் மருமகள் அதை என்னிடமே காட்டினாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.