தேய்க்கவில்லை, ஒற்றிக்கொண்டேன்

4 மார்ச் 2025, செவ்வாய்

ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டு கண்ணோரத்திலும் மும்மூன்று, புருவங்களுக்கு நடுவே ஐந்து. மொத்தம் பதினொன்று. எண்ணிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி சொன்னது பொய். குளவி.

இவருக்குச் சொல்லவில்லை. மின்கம்பத்து வேலையாகச் சௌல்தாரி போயிருக்கிறார். ஒளிக்க வேண்டும் என்றில்லை. எப்படிச் சொல்வது? கண்ணுச் சுருக்கம் போக ஊசி போடப் போறேங்க, என்றா? நாற்பத்தெட்டு வயதில்? செவ்வாய்தோறும் கோயிலில் பத்துப் பெண்களுக்கு முன்னால் உட்கார்ந்து பாராயணம் படிக்கிறவள்?

போன மாதம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் அந்த ஆள், "மாதாஜி, புஜுர்க் லைன் உதர்" என்று வயசானவர்கள் வரிசையைக் கைகாட்டினான். பின்னால் நின்ற இவர் சிரித்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அவரை யாரும் அந்த வரிசைக்குப் போகச் சொல்லவில்லை.

டாக்டரம்மா மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து வருகிறவர். மத்தியான ஃபிளைட்டில் போய்விட்டார். ரிசப்ஷனில் இருக்கும் ஆக்சிலியா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், வாசல்வரை வந்தாள். "ஆன்ட்டி, நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது. கண்ணப் போட்டுத் தேய்ச்சிராதீங்க, என்ன?" ஆங்கிலத்தில் ஒரு தாளும் கொடுத்தாள். பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கலாம் என்று பையில் மடித்து வைத்தேன்.

வரும் வழியில் கோயில். செவ்வாய் அல்லவா. தீபாராதனை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

6 மார்ச்

இரண்டு நாளாகத் தலைவலி. இடது கண்ணோரம் நாவல்பழ நிறத்தில் ஒரு பொட்டு. கதவு இடித்தது என்றேன். "கதவுக்கு அடி பலமா?" என்று இவர் கேட்டார்.

9 மார்ச், ஞாயிறு

காலையில் முகம் கழுவும்போதே தெரிந்தது. இடது இமை தூக்கவில்லை. கருமணியில் பாதிக்கு வந்து நிற்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். வலது கண் பத்து மில்லிமீட்டர். இடது ஆறு.

இவர் டீ டம்ளரோடு வந்தவர் அதைத் தரையிலேயே வைத்துவிட்டார். "இந்திரா, ரெண்டு கையையும் தூக்கு. சிரி. உன் பேரச் சொல்லு." வாதம் வந்தால் இப்படிப் பார்க்க வேண்டும் என்று இலாகாவில் சொல்லிக்கொடுத்தார்களாம். நான் கையைத் தூக்கினேன். சிரித்தேன். இந்திராணி என்றேன். அப்படியும் விடவில்லை. ஆட்டோ. பெரிய ஆஸ்பத்திரி.

சின்ன வயசு டாக்டர். கண்ணுக்குள் டார்ச் அடித்தான், கழுத்தைத் திருப்பச் சொன்னான். பிறகு, ஏதாவது ஊசி போட்டாயா என்று கேட்டான்: "கோயி இன்ஜெக்ஷன் லியா க்யா?"

இவர் பக்கத்தில் நின்றார். என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

நஹி, இல்லை என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை. உடனே ஸ்கேன். ரத்தம் நாலு குப்பி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்து வா, விழுங்க முடியவில்லை, மூச்சு விட முடியவில்லை என்றால் அந்த நிமிஷமே வா என்றான். வெளியே வந்தபோது இவர் கண் சிவந்திருந்தது. தூசி என்றார்.

10 மார்ச்

தாளைப் படித்தேன். ஒவ்வொரு சொல்லாகப் போனில் போட்டுப் பார்த்து, ஒரு மணி நேரம். தேய்க்கவோ, *அழுத்தவோ* கூடாது. குனிந்து தலையைத் தாழ்த்தக் கூடாது.

ஐயோ.

தீபாராதனைத் தட்டு வந்தது. சுடரில் இரண்டு உள்ளங்கையையும் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. அன்று மனசு உறுத்தியதால் வழக்கத்தைவிட அழுத்தி. பிறகு, குனியக் கூடாது என்றதையும் மறந்து, நெற்றி தரையில் பட நமஸ்காரம். ஊசி போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

நான் எதைத்தான் ஒற்றிக்கொள்ளவில்லை. விபூதித் தட்டு, பஞ்சாங்கம், புதுப்புடவை, காலில் பட்ட காகிதம். கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு நானாகப் படித்த ஒவ்வொரு புத்தகத்தையும் மூடியதும் கண்ணில் ஒற்றித்தான் வைப்பேன். அது கண்ணைத் தொடுவதில் சேரும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தேய்க்காதே என்றாள். நான் தேய்க்கவில்லையே, ஒற்றிக்கொண்டேன்.

தண்டனையா? வேறு யார் கையாலும் இல்லாமல், கும்பிட்ட கையாலேயே?

11 மார்ச்

ஆக்சிலியா டாக்டரம்மாவைப் போனில் பிடித்துக் கொடுத்தாள். "மருந்து கொஞ்சம் கீழ இறங்கி, இமையத் தூக்குற தசையத் தளர்த்திருக்கு. அழுத்தினதாலயும் இருக்கலாம், நான் ஊசி போட்ட இடம் ஒரு நூல் தவறினதாலயும் இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா. நிச்சயம் தானா சரியாகும். சிலருக்கு நாலு வாரம், சிலருக்கு ரெண்டு மூணு மாசம்." சொட்டு மருந்து எழுதினார். இங்கே கிடைக்காது, ஃபிளைட்டில் வர வேண்டும். கடைசியாக, "ஆஸ்பத்திரில உண்மையச் சொல்லிடுங்க. அவங்க இல்லாத வியாதியத் தேடிட்டிருப்பாங்க" என்றார்.

சரி என்றேன். இந்த வாரம் எத்தனை பேருக்கு எத்தனை சரி.

18 மார்ச், செவ்வாய்

சொட்டு வந்துவிட்டது. விட்டால் ஒரு மில்லிமீட்டர் ஏறுகிறது, இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. தேதி போட்டுக் காலை மாலை அளவு எழுதி வருகிறேன். 6. 6. 6½. 6.

கோயிலில் இடது கை விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தேன். கண்ணீர் கொட்டுகிறது; அது கண் காய்வதால் வருகிற நீர். பெண்கள் அதைப் பக்தி என்று நினைத்துவிட்டார்கள். ஒச்சம்மா, என்னோடு கட்சாலில் பால்வெட்டப் போனவள், என் தலையைக் கோதினாள். "இந்த நெலமையிலயும் படிக்கிறா பாரு!" உடம்பெல்லாம் கூசியது.

ஜெயலட்சுமி மட்டும் வெளியே வந்ததும் என் கையைக் கிள்ளினாள். "என் பேரு எங்கயும் வரக் கூடாது, சொல்லிட்டேன்."

21 மார்ச், வெள்ளி

இவர் வேலைக்குப் போகும் முன் கோயிலுக்குப் போய், மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். மஞ்சள் வேட்டி.

"பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்தி காவடி எடுக்கறேன்னு நேந்துக்கிட்டேன். உன் கண்ணுக்கு."

"உங்களுக்குச் சக்கரை இருக்குங்க."

"முருகனுக்கும் தெரியும்."

போன வருஷம் கம்பி கீறின முழங்கைப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. இப்போது கன்னத்தில் வேல். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம். எதற்கு? தானாகத் திறக்கப் போகிற ஒரு கண்ணுக்கு. எனக்குத் தெரியும் அது தானாகத் திறக்கும் என்று. எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்லிவிடு. வாயைத் திற. இல்லை. மாலை போட்ட அன்றே எப்படிச் சொல்ல?

23 மார்ச்

இவர் சர்க்கரை, வெறும் வயிற்றில்: 212. இமை: 6½.

24 மார்ச்

ஆஸ்பத்திரிக்கு இவர் கூட வர லீவு போட்டார். டாக்டர் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல, இவர் அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இன்றும் சொல்லவில்லை.

27 மார்ச்

கண்ணாடி முன் நின்று ஈர்க்குச்சியைக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்க்கிறார். என்னைக் கண்டதும் பல் குத்துகிற மாதிரி பாவனை.

இமை 7. ஏற ஏற எனக்குப் பயமாக இருக்கிறது. உத்திரத்துக்குள் சரியாகிவிட்டால் அதை முருகன் கணக்கில் எழுதுவார். பிறகு ஆயுசுக்கும் நான் வாயைத் திறக்க முடியாது. பொய்யைக் கொண்டுபோய்ச் சாமி தலையில் வைத்தவள் ஆவேன்.

30 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு எழுந்து கைகழுவிக்கொண்டிருந்தார். வாத்தியாரிடம் ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில்: தேதி, பதினொரு ஊசி, கோயில், ஒற்றியது, டாக்டரம்மா, எல்லாம். ஜெயலட்சுமி பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் மூடினேன்.

"சுருக்கம் போக ஊசி போட்டதுக்கா, நான் ஸ்கேன் ரூம் வாசல்ல நின்னேன்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஊசி போட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆசப்பட்ட, போட்ட. அந்த டாக்டர் பையன் கேட்டான்ல? நான் பக்கத்துல நிக்கறேன். இல்லன்னு சொன்ன."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை. டியூட்டி இல்லை.

1 ஏப்ரல்

அவர் தட்டை அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். துணியை அவரே துவைக்கிறார். விரதக்காரர் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

கோயிலுக்குப் போனேன். என் இடத்தில் ஒச்சம்மாவை உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். ஏன் என்றார்கள். பொய் சொன்னேன், அதனால், என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். ஒச்சம்மா, "பதினோரு ஊசியா!" என்றாள். அவளுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

4 ஏப்ரல், வெள்ளி

நேர்த்தியை விட மாட்டாராம். ஆறு நாளில் என்னிடம் பேசியது இவ்வளவுதான்: "கண்ணுக்குன்னு நேந்தேன். கண்ணு எதனால கெட்டுச்சுன்னு முருகன்கிட்ட நான் சொல்லல. சொன்னது சொன்னதுதான்."

வருஷா வருஷம் அலகு குத்திவிடும் ஈஸ்வரன் அண்ணன் கன்னம் பார்க்க வந்தார். டயர் கடை வைத்திருக்கிறவர். கையில் எப்போதும் கரி. இவர் கொல்லையில் இருந்தபோது நானே அவரிடம் சொல்லிவிட்டேன். சர்க்கரை எண்ணையும் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. இவர் வந்ததும் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ஏம்ப்பா நல்லதம்பி, கண்ணு தானா தெறந்துக்கும்னு உனக்கு இப்பத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் குத்தச் சொல்ற."

"ஆமா."

"இது நேர்த்தி இல்லடா. கோவம். பொண்டாட்டி மேல உள்ள கோவத்துக்கு நான் வேல் புடிக்க மாட்டேன். வேற ஆளப் பாரு."

அண்ணன் போன பிறகும் இவர் தாடையில் ஒட்டிய கரியைத் துடைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

7 ஏப்ரல்

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் டாக்டரிடம் சொன்னேன். சீட்டில் எழுதிக்கொண்டான். "பஹ்லே போல்னா தா, ஆன்ட்டி" என்றான். முன்னாலேயே சொல்லியிருக்கணும். ஆமாம்.

10 ஏப்ரல்

வேறு ஆள் பார்த்தாரா, தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை. வாசலில் இரண்டு தடவை விளக்கு அணைந்தது. காற்று. காற்றுத்தான்.

11 ஏப்ரல், வெள்ளி. பங்குனி உத்திரம்

கடற்கரையிலிருந்து புறப்பாடு. வரிசையில் கன்னம் காட்டி நிற்கிறவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். இவரும் அதில் போய் நின்றார். மேளத்தில் எதுவும் கேட்கவில்லை. ஈஸ்வரன் அண்ணன் ஒவ்வொருவராகக் குத்திக்கொண்டே வந்தார். இவர் முறை. அண்ணன் வேலைக் கீழே தாழ்த்திப் பிடித்தபடி நின்றார்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு நேராக. என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. பிறகு அண்ணனிடம் ஏதோ சொல்லி வரிசையை விட்டு வெளியே வந்து, பால்குடம் ஒன்றை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

நானும் குடம் எடுத்தேன். அவர் முன்னால், நான் பத்தடி பின்னால். கோயில் வரை திரும்பவில்லை. தார் ரோடு கொதித்தது. நான் வேண்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. தன்னால் ஆகப்போவதைக் கேட்பானேன். இவர் கன்னம் முழுசாக இருக்கிறது, அதற்கு மட்டும் நன்றி என்றேன்.

12 ஏப்ரல், சனி

இவர் உள்ளங்காலில் மூன்று கொப்புளம். காலையில் நொண்டிக்கொண்டே டீ போட்டார். இரண்டு டம்ளர்.

நான் மஞ்சள் தூளும் வெந்நீரும் எடுத்து வைத்துவிட்டு விலகி நின்றேன், அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று. கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்து முதுகை வளைத்துப் பார்த்தார். எட்டவில்லை. பிறகு காலை என் பக்கம் நீட்டினார்.

"ஊசி எடுத்துக் குத்திராத. உனக்கு ஊசின்னா ஆச."

மேலே பார்க்காமல், "உடைக்கக் கூடாதுங்க, சக்கரை" என்றேன்.

"பாத்து வையி" என்றார்.

பஞ்சை நனைத்தேன்.