ஆளில்லாமல் ஆடிய நாற்காலி

ஞாயிறு, இரவு

குழந்தைக்குப் பால் கொடுக்க முன்னும் பின்னும் ஆடும் கிளைடர் நாற்காலி ஒன்று வாங்கலாம் என்று செபராங் ஜெயாவில் ஒரு கடைக்குப் போனோம், நானும் சரவணனும் அத்தையும். சாம்பல் நிறத்தில் ஒன்றில் உட்கார்ந்தேன். பெர்ரிக் கப்பல் கரையை விட்டு விலகுவது போல அது சத்தமே இல்லாமல் நகர்ந்தது. வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருந்ததும் அடங்கிவிட்டது. எனக்குக் கண் சொக்கியது.

எழுந்த பிறகும் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. அத்தை வேகமாக வந்து கையால் நிறுத்தினார்.

"வெறும் தொட்டில ஆட்டக் கூடாதும்மா. இதுவும் அப்படித்தான்."

"இது நாற்காலி லா, அம்மா," என்று சரவணன் சிரித்தார்.

போன தடவை நான் உண்டானபோது வாங்கிய தொட்டிலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைச் சரவணன்தான் எங்கோ கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கே என்று நான் கேட்டதில்லை.

நாற்காலியைக் கையோடு வாங்கி வந்துவிட்டோம். சற்று முன் தண்ணீர் குடிக்க எழுந்தபோது குழந்தையின் அறையை எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இல்லை. அதில் சரவணனின் தலையணை சாய்ந்திருக்கிறது, சின்னத் துண்டு போர்த்தியபடி.

இங்கே என் பக்கத்தில் அவர் கையையே தலைக்கு வைத்துத் தூங்குகிறார்.