'எடு' என்றொரு கட்டளை

ஐப்பசி, செவ்வாய் இரவு

நான் எழுதிய லினக்ஸ் பேக்கேஜ் மேனேஜரை முதலில் சோதித்துப் பார்க்க, பாபநாசத்திலிருந்து நண்பன் முருகன் வந்தான். கணினியில் மென்பொருளை நிறுவவும் நீக்கவும் உதவும் நிரல் அது; கட்டளைகளெல்லாம் தமிழில்தான். நீக்குவதற்கு 'எடு' என்று வைத்திருந்தேன். அவன் புதுத் தமிழ் எழுத்துரு வேண்டுமென்று 'எடு எழுத்துரு' என்று அடித்தான். இருந்ததும் போய், திரையில் தமிழெல்லாம் வெறும் கட்டங்களாகிவிட்டது.

"ஏலே, எடுன்னா உள்ளதையும் முழுங்கிருமா?"

"எடுன்னா எடுத்துப் போடுன்னு அர்த்தம்லே."

"எங்க வீட்ல 'கொண்டா'ன்னு அர்த்தம்."

கட்டங்களைப் பார்த்தபடியே நிறுவும் கட்டளையை அடித்தேன். எழுத்துரு திரும்பி வந்தது. நிரலில் குறையில்லை, அது எனக்குத் தெரியும். குறை சொல்லில்தான். வியாழக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கணினிகளில் இதை ஏற்ற வேண்டும். பிள்ளைகளும் இப்படித்தான் அடிப்பார்கள். அவன் பஸ் ஏறுவதற்குள் 'எடு'வைத் தூக்கிவிட்டு 'நீக்கு' என்று மாற்றினேன். இனி எழுத்துருவை நீக்கச் சொன்னால், ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் நீக்கும். வியாழனுக்கு இது போதும்.

சாப்பிட்ட பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, "தட்ட எடுலே" என்றாள். இன்னொரு தோசைக்கு நீட்டினேன்.

"கழுவப் போடச் சொன்னேம்லே!"

முருகனிடம் இதைச் சொல்லப் போவதில்லை.