ஊறிக்கொண்டிருக்கும் சக்கரம்

என் தங்கத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது. இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்தேன். இந்த நிமிஷம்வரைக்கும் உண்மை, நீ படிக்கும்போதும் உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன் இருக்க அம்மா ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போன் உன் அப்பாவின் சட்டைப்பையில். நான் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே நிற்பார். அவரைப் பற்றி அவர் காதுபடப் புறம் பேச எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். உன் அப்பா இளைய தாரம் கட்டிக்கொண்டுவிட்டார். பயப்படாதே, மெஷின்தான். பயப்படாதே என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, பயப்படத்தான் வேண்டும். நீ அந்த ஊர் ஆற்றங்கரையில் பொறுக்கியதாகச் சொல்லி ஒரு பச்சைக்கல் அனுப்பினாயே, வினை அங்கேதான் ஆரம்பித்தது. அதை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதைத் தேச்சு பாலிஷ் போட்டு, பாப்பா கழுத்துல போட்டுக்கற மாதிரி பண்ணிடறேன்" என்றார். கடையில் கொடுத்தால் செய்து தருவார்கள் என்றேன். "கடைக்காரனுக்குப் பாப்பா யாருன்னு தெரியுமா?" என்றார். கம்பெனியில் இனி வரவேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன் எழுந்து நடமாடுகிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

உன் அறையில், உன் மேஜை இருந்த இடத்தில் இளையவள் குடியேறினாள். பழைய வாஷிங் மெஷினைப் பிரித்து மோட்டாரை எடுத்துக்கொண்டார், அதனால் இப்போது இந்த வீட்டில் துணி துவைக்கும் மெஷின் நான்தான். மோட்டாருக்கு ஒரு பெல்ட், பெல்ட் சுற்றிவிடும் ஓர் இரும்புத் தண்டு, தண்டின் ஒரு முனையில் கல்லைத் தேய்க்கிற சாணைச் சக்கரம், மறுமுனையில் பளபளப்பாக்க ஒரு மரவட்டு. வட்டின்மேல் ஒட்டியிருக்கிற தோல் என் கைப்பை. கல் சூடேறாமலும் தூசி பறக்காமலும் இருக்க மேலே தொங்கும் ஓட்டை டப்பாவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், அதைப் பிடிக்கக் கீழே என் ஆழமான பெரிய தட்டு. எனக்குத் தாகம் என்றால் எழுந்து போய்க் குடித்துக்கொள் என்பவர் அவளுக்கு மட்டும் டப்பா டப்பாவாக ஊற்றுகிறார். சக்கரத்துக்கு மூடி போட வேண்டும் என்று அவருக்கே தெரியும். அரிசி டிரம்மின் மூடியை வெட்டிப் போட்டார், பிறகு கல் தெரியவில்லை என்று கழற்றிவிட்டார். அது இப்போது மறுபடியும் டிரம்மின்மேல், பாதி அரிசியை மட்டும் மூடிக்கொண்டு கிடக்கிறது.

உன் கல் இருக்கிறதே, அது உன் அப்பா வழிப் பிடிவாதம். தேய்க்கத் தேய்க்கச் சக்கரம்தான் குறைந்ததே ஒழியக் கல் குறையவில்லை. அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, என் வாய் சும்மா இருக்குமா, "ஊறப்போடாம அரைச்சா பருப்பே அரையாது, கல்லு அரைபடுமா? ராத்திரி ஊறப்போடுங்க" என்று கேலி பண்ணினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு சொல்லைக் காதில் வாங்காதவர் இதை வாங்கிக்கொண்டார். கல்லை ஊறப்போட்டிருந்தாலும் பரவாயில்லை. சக்கரத்தை ஊறப்போட்டார். கழற்றச் சோம்பல்பட்டு, தட்டு நிறையத் தண்ணீர் விட்டு, சக்கரத்தின் கீழ்ப்பாதி முழுகியபடி அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

காலையில் சுவிட்சைப் போட்டதும் இளையவள் ஆட ஆரம்பித்தாள். மேஜையோடு நகர்ந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரர், "அக்கா, என் கத்திரிக்கோல் தானா நடந்து போய்க் கீழ குதிக்குது, மேல என்ன ரயிலா விடறீங்க?" என்று படியில் நின்று கத்தினார். நான் அவரிடம் வம்பளக்கப் போய்விட்டேன். உள்ளே அப்பாவின் கையிலிருந்து கல் நழுவிக் கீழே விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துச் சக்கரம் வெடித்தது. ஒரு துண்டு உன் அலமாரிக் கதவைத் துளைத்துக்கொண்டு போய் உன் பழைய ஸ்வெட்டருக்குள் படுத்திருந்தது. இன்னொன்று எதிர்ச் சுவரில், அவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் நெற்றி இருக்கும் உயரத்தில், பாதி புதைந்து நின்றது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், தலையெல்லாம் சுண்ணாம்பாகத் தரையிலிருந்து எழுந்து, "பாத்தியா, கல்லுக்கு ஒண்ணும் ஆகல" என்கிறார். பொறுக்கிய துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன், வட்டம் நிறையவில்லை. ஒரு துண்டு இன்னும் கிடைக்கவில்லை. தினமும் பெருக்கும்போது தேடுகிறேன். கிடைக்கிறவரைக்கும் அது எங்கோ பறந்துகொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது.

இத்தோடு விட்டாரா? அடுத்த நாளே முன்னதைவிடப் பெரிய சக்கரம் வந்தது. எனக்கு மனசு கேட்காமல், காய்கறி வாங்கப் போகிற சாக்கில் சக்கரம் விற்ற இரும்புக்கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார், ஊறப்போட்டதைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "தண்ணிய குடிச்ச பக்கம் கனமாயிடும்மா, சுத்தற வேகத்துல ஒரு பக்கமா இழுத்துப் பிச்சுக்கும். வேலை முடிஞ்சா தண்ணிய நிறுத்திட்டுச் சக்கரத்தைச் சும்மா சுத்தவிட்டு உதறணும். கழட்டி விரல்ல மாட்டிக் கட்டையால தட்டிப் பாருங்க. கிண்ணுன்னா நல்லாருக்கு. பொத்துன்னா விரிசல், தூக்கிப் போட்டுடுங்க" என்றார். வந்து சொன்னேன். "அவன் இன்னொரு சக்கரம் விக்கப் பாக்கறான், நீயும் கேட்டுட்டு வர்ற. போன சக்கரம் மட்டச் சரக்கு, அவ்வளவுதான். ஊறவெச்சது நல்லாத்தான் தேயுது" என்றார். என் கேலி அவருக்கு இப்போது வேதம்.

நேற்று அவர் தண்டுக்கு எண்ணெய் போடச் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார். கரண்டிக் காம்பால் தட்டினேன். பொத். இன்னொரு இடத்தில் தட்டினேன். அங்கேயும் பொத். "ஈரமா இருந்தா எந்தச் சக்கரமும் அப்படித்தான் கேக்கும், உனக்கென்ன தெரியும்" என்று பிடுங்கி மாட்டிவிட்டார். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், அதுதான் எனக்குப் பெரிய பயம். காய்ந்தால்தானே தெரியும், காயவிட்டால்தானே? பெல்ட்டை ஒளித்துப் பார்த்தேன், வேறு வாங்கி வந்தார். உடைத்துப் போட எனக்குக் கையில் தெம்பு இருக்கிறது, ஆனால் தேய்க்கும்போது பாட்டு முணுமுணுக்கிறார் கண்ணு. அந்த முணுமுணுப்பு இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வேன்?

அதனால் கல்லையே திருடிவிட்டேன், இந்த உறைக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு, மறுபக்கம் நீ பொறுக்கிய அதே கரடு. இது கைக்கு வந்த உடனே அவரைக் கூப்பிடு. அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதே, அடுத்ததற்கு ஆரம்பித்துவிடுவார். முடிந்துவிட்டது, இப்படிப் பாதியாக இருப்பதுதான் பிடித்திருக்கிறது, இனிமேல் தேய்த்தால் பேசமாட்டேன் என்று சொல். தேய்த்தே ஆகவேண்டுமென்றால் சக்கரம் வேண்டாம், கண்ணாடி மேல் சாணைப் பொடி போட்டுக் கையாலேயே தேயுங்கள், அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அடித்துவிடு. நீ சொன்னால் கேட்பார். நான் சொல்லி அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதன் லட்சணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ நூறாண்டு நிறைவாக வாழ வேண்டும், அதில் பாதியாவது உன் அப்பா கூட இருந்து பார்க்க வேண்டும்.

எழுதி முடிப்பதற்குள் உன் அறையில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. கல்லைத் தேடிக் கிடைக்காமல், பாப்பாவுக்கு வேறொன்று செய்கிறேன் என்று கட்டடம் கட்டுகிற இடத்திலிருந்து ஒரு ஜல்லிக்கல்லைக் கொண்டுவந்திருக்கிறார். டம்ளர்கள் அலமாரியில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. இப்போது நின்றுவிட்டது. பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்துவிட்டேன். கரண்ட் போயிருக்கிறது, வேறொன்றுமில்லை. சுவிட்சை அணைக்கவில்லை, கையில் கல்லோடு சக்கரத்துக்கு நேரே உட்கார்ந்து கரண்ட் வரக் காத்திருக்கிறார். கீழ்ப்பாதி தட்டுத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. இந்த உறையைத் தையல்காரரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லிவிட்டு, நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போட்டு உட்காரப் போகிறேன். என் உடம்பைத் தாண்டி எந்தச் சக்கரமும் அவருக்குத் தெரியாது. நான் எதிரே இருக்க அவர் ஓட்டமாட்டார், அந்த அளவுக்கு மூத்தவள்மேல் பிரியம் உண்டு என்று நம்புகிறேன். மறந்துவிடாதே, கல் கைக்கு வந்ததும் கூப்பிடு. நீ கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்பேன்.

நாற்காலியோடு,
உன் அம்மா