காப்பியில் கலந்த இரண்டு மாத்திரைகள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போன கடிதத்தில் உன் தம்பி என் தூக்க மாத்திரையைத் திருடி விழுங்கிவிட்டான் என்று எழுதியிருந்தேன். அது பொய். கொடுத்தவள் நான். போதை ஊசியை விடுவதற்காகத் தினமும் காலையில் சிகிச்சை மையத்தில் அவன் குடிக்கிற மெத்தடோன் மருந்தின் அளவை அந்த வாரம்தான் கூட்டியிருந்தார்கள். அச்சகத்தில் இரவு வேலை முடித்து, மருந்தும் குடித்துவிட்டு வந்தவன் தூக்கம் வராமல் கூடத்துக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தான், பெற்றவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்த மருந்தோடு தூக்க மாத்திரை கூடவே கூடாது என்று அவனே முன்பு சொல்லியிருக்கிறான். டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைதானே, அது என்ன செய்துவிடும் என்று இரண்டைப் பொடித்துக் காப்பியில் கலந்தேன். அவனிடம் சொல்லவில்லை.

மதியம் குறட்டை கூடம்வரை கேட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு பிள்ளை அசந்து தூங்குகிறான் என்று சந்தோஷப்பட்டு, கதவை வேறு சாத்தி வைத்தேன். மின்விசிறியைப் பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன்தான், "என்னம்மா, இது குறட்டை மாதிரி இல்லையே, மூச்சுக்குத் தவிக்கிற மாதிரில்ல இருக்கு" என்று உள்ளே ஓடினார். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டான் என்று டாக்டர் இரண்டு முறை கேட்டும் நான் வாய் திறக்கவில்லை. நர்ஸ், "மானம் மரியாதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மாத்திரை பேரைச் சொல்லுங்கம்மா" என்று அதட்டிய பிறகே சொன்னேன். அப்போதும் அவனே எடுத்துக்கொண்டான் என்றுதான் வாயில் வந்தது. கான்வென்ட்டில் படித்த காலத்தில் பொய் சொன்னதற்காக ஒரு நாளும் முட்டி போடாதவள் நான்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் மாத்திரையைத் தான் எடுக்கவில்லை என்று அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. நீயும் போனில் அவனைக் கிழித்துவிட்டாய். விடுமுறை நாளுக்கென்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்தையும் மையத்தில் நிறுத்திவிட்டார்கள். "நம்பாத எடத்துல போய் எதுக்கு நிக்கணும்" என்று மூன்று நாளாக அவன் அந்தப் பக்கமே போகவில்லை. மையத்து டாக்டர் போன் செய்து, மருந்தை விட்டவன் பழைய ஊசியைத் தொட்டால் பழைய அளவை உடம்பு தாங்காது, உயிர் போய்விடும் என்றார். அதற்கு மேல் எந்தக் கௌரவத்தைக் கட்டிக்கொண்டு அழுவது?

இன்று காலை அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "காப்பி கசந்துச்சு, உன் கைப்பக்குவம்னு நினைச்சு குடிச்சேன்" என்றான். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "எங்கிட்ட சொன்னா பத்தாது, மையத்துல வந்து சொல்லு" என்றான். நாளை எட்டு மணிக்கு அவனோடு வரிசையில் நின்று, டாக்டரிடம் நானே சொல்லப் போகிறேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

உன் மாத்திரை எதையும் பாவம் பார்த்து அடுத்தவருக்குக் கொடுக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் தம்பியைக் கூப்பிட்டு, அக்கா என்று பார்க்காமல் மன்னிப்புக் கேள். என்னைத் திட்ட வேண்டியதைத் தனியாக எழுது, ஒரு வரி விடாமல் படிக்கிறேன். நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க ஆசீர்வதிக்கிறேன்.

உன் அம்மா